அம்மியில் ஒரு சிவப்பு அரிவாள்

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை, போடி ரயில் ஊதிவிட்டுப் போன நேரத்தில், அம்மிக்கல்லில் கறை இருந்தது.

முதலில் பார்த்தவள் அன்னக்கொடி. அவளுக்குப் பத்து வயது. பல் விளக்கச் சாம்பல் எடுக்க வந்தவள் அம்மியின் முன்னால் நின்றுவிட்டாள். கல்லின் மேல் அங்கங்கே மஞ்சளும் பழுப்புமாகச் சிறு வட்டங்கள். மஞ்சள் அரைத்துவிட்டுக் கழுவாமல் போட்டது போல இருந்தது. ஆனால் முந்தின நாள் யாரும் மஞ்சள் அரைக்கவில்லை.

அது புது அம்மி. அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு மதினி செல்லத்தாய் வந்தபோது அவளோடு மாட்டுவண்டியில் வந்தது. மதினியின் அப்பா முத்துக்கருப்பனுக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் நிலம். அங்கே கிணறு வெட்டும்போது அடியில் வெடி வைத்தார்கள். மேலே வந்த பாறையில் பொன்னிறப் புள்ளிகள் மின்னின. சில புள்ளிகள் பகடைக்காய் போலச் சதுரமாக இருந்தன. சில ஒன்றோடு ஒன்று சேர்ந்து கோடாக ஓடின.

தட்டான் வந்து பார்த்தார். பொன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பொன் இல்லாவிட்டால் என்ன, அழகாக இருக்கிறதே என்று முத்துக்கருப்பன் நினைத்தார். தன் கிணற்றுக் கல்லில் மகளுக்கு ஓர் அம்மி செய்யச் சொன்னார். கல்தச்சர் உளியால் அடிக்கும்போதெல்லாம் தீக்குச்சி கிழித்த வாடை வந்ததாம்.

இந்த வீட்டில் ஏற்கெனவே ஓர் அம்மி இருந்தது. கறுப்புக் கல். நடுவில் குழி விழுந்தது. அதைக் கொல்லைச் சுவரோரம் தள்ளிவிட்டு, புது அம்மியைப் பின்வாசல் தாழ்வாரத்தில் போட்டார்கள். அங்கே சாரல் அடிக்கும். வெயில் வராது.

அன்னக்கொடியின் அம்மா சோலையம்மாள் வந்து கறையைப் பார்த்தாள். இரவு துவையல் அரைத்துவிட்டு அம்மியைக் கழுவவில்லையா என்று மருமகளிடம் கேட்டாள். கழுவினேன் என்றாள் செல்லத்தாய். கழுவிய லட்சணம் தெரிகிறது என்றாள் சோலையம்மாள்.

செல்லத்தாய் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். கறை போனது. மறுநாள் காலை திரும்பி வந்தது.

அன்று சோலையம்மாள் தானே உட்கார்ந்து தேய்த்தாள். தானே தண்ணீர் ஊற்றினாள். அடுத்த நாளும் கறை வந்தது.

சோலையம்மாளுக்கு அழுக்கைக் கண்டால் கோபம் வரும். காரணம் தெரியாததைக் கண்டால் பயம் வரும். இப்போது கோபம் போய்விட்டது.

அந்த வாரம் உசிலம்பட்டிச் சந்தைக்கு வந்த ராமக்காள் அத்தை, அப்படியே வீட்டுக்கும் வந்து தங்கினாள். அவள் அப்பாவின் அக்கா. எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே இருக்கும் ஒரு கெட்டதைக் கண்டுபிடித்துச் சொல்வாள். போன முறை கோழிக்கூட்டின் வாசல் இருக்கும் திசை ஆகாது என்றாள். கோழிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அத்தை அம்மியைச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

“கல்லு ரத்தம் கசியுது, சோலை. கிணத்துக்குள்ள கிடந்தது ஏதோ கூடவே வந்திருக்கு. ராத்திரியில இத வெறுமனே போடாத. உப்புத் தண்ணியத் தெளிச்சு இரும்ப வையி.”

இரும்பு இருக்கும் இடத்தில் கெட்டது அண்டாது என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் நம்பினார்கள். பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் இரும்பு இருக்கும். கறிக்குழம்பு கொண்டுபோகும் தூக்குச்சட்டியில்கூட ஓர் ஆணி கிடக்கும். அதனால் சோலையம்மாள் யோசிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் கல்லுப்பைக் கரைத்து அம்மி மேல் தெளித்தாள். கதிர் அரிவாளை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

காலையில் கறை மஞ்சளாக இல்லை. செக்கச்செவேல் என்று இருந்தது.

அதற்குக் கோபம் வந்துவிட்டது என்றாள் அத்தை. ஓர் அரிவாள் போதாது என்றும் சொன்னாள்.

அன்று மாலை அரிவாளோடு ஏர்க்கொழுவும் மாட்டு லாடமும் உடைந்த மண்வெட்டியும் அம்மி மேல் ஏறின. கொல்லன் பட்டறை போல இருந்தது தாழ்வாரம். உப்புத் தண்ணீரும் கூடுதலாகத் தெளித்தார்கள். வயலிலிருந்து வந்த அப்பா கருத்தக்கண்ணன் அதைப் பார்த்தார்.

“கொழுவ இங்க வச்சிட்டா நாளைக்கு நான் எத வச்சு உழுகுறது? குழம்புக் கரண்டியவா?”

யாரும் சிரிக்கவில்லை. செல்லத்தாய் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிடும். அன்னக்கொடிக்கு அவளைப் பிடித்துப்போனதே அதனால்தான். கோழி போலவும் கௌதாரி போலவும் குரல் கொடுப்பாள். தலை சீவும்போது இழுக்க மாட்டாள். அவள் வந்த பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கூடியிருந்தது.

மறுநாள் அம்மி முழுக்கச் சிவப்பு.

தெருவில் செய்தி பரவியது. பள்ளிக்கூடத்தில் சுருளி என்ற பையன், ரத்தம் விடும் அம்மியைப் பார்க்க வரலாமா என்று அன்னக்கொடியிடம் கேட்டான். வரலாம், ஆனால் பார்க்கிறவன் ஒரு படி மிளகாய் அரைத்துக் கொடுக்க வேண்டும் என்றாள் அவள். அவன் வரவில்லை.

வியாழன் மாலை பெரியவர்கள் உள்ளே உட்கார்ந்து பேசினார்கள். கல் வந்த இடத்துக்கே போக வேண்டும் என்றாள் அத்தை. கொண்டுவந்தவளும் அதோடு போக வேண்டும். வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை அனுப்பக் கூடாது. சனிக்கிழமையும் ஆகாது. ஞாயிறு காலை வண்டி கட்டுவது என்று முடிவானது. அண்ணன் சோணை மதுரையில் மில் வேலையில் இருந்தான். தீபாவளிக்குத்தான் வருவான். அவனுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள்.

அப்பாவுக்கு இதில் விருப்பம் இல்லை. ஆனால் அக்காவை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கம் இல்லை.

செல்லத்தாய் உள்ளறையில் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அன்னக்கொடி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“போனா எப்ப மதினி வருவ?”

“கூப்பிட்டா வாரேன்.”

“யாரு கூப்பிடணும்?”

செல்லத்தாய் மடித்த சேலையைப் பிரித்துத் திரும்பவும் மடித்தாள்.

“எங்க அய்யா ஆசையாச் செஞ்சு குடுத்த கல்லு, கொடி. அதையும் என்னையும் ஒரே வண்டியில இறக்குனா, அவரு யாரு மூஞ்சியில முழிப்பாரு?”

அன்னக்கொடி அழவில்லை. அழுதால் வண்டி நிற்காது என்று அவளுக்குத் தெரியும். வண்டி நிற்க வேண்டுமானால் கறை நிற்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அவள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து தாழ்வாரத்துக்குப் போனாள். இதுவரை எல்லோரும் அம்மியைத் தள்ளி நின்றே பார்த்தார்கள். அவள் அதன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். அரிவாளை மெல்லத் தூக்கினாள்.

அதன் அடியில், கல்லின் மேல், ஒரு சிவப்பு அரிவாள் இருந்தது.

அதே வளைவு. அதே கூர் நுனி. லாடத்தைத் தூக்கினாள். ஒரு சிவப்பு லாடம். கொழுவைத் தூக்கினாள். ஒரு சிவப்புக் கொழு. ஒவ்வொன்றின் ஓரத்திலிருந்தும் சிவப்பு வழிந்து, ஒன்றோடு ஒன்று கலந்து, தூரத்திலிருந்து பார்த்தால் கல் முழுக்க ரத்தம் போலத் தெரிந்தது.

பேய்க்கு இரும்பென்றால் பயம். பயப்படுகிற பேய் எதற்காக உட்கார்ந்து அரிவாளைப் பார்த்து வரைகிறது?

அவள் இன்னும் குனிந்தாள். சிவப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. அரிவாள் வெறும் கல்லைத் தொட்ட இடத்தில் மெல்லிய கீற்றுதான். பொன்னிறப் புள்ளியைத் தொட்ட இடத்தில் கெட்டியாக, அடை அடையாக இருந்தது. அரிவாளைத் திருப்பிப் பார்த்தாள். அந்த இடங்களில் இரும்பு அரித்துப்போய்ச் சிறு குழிகள் விழுந்திருந்தன. விரலை வைத்தால் தட்டுப்பட்டது. சிவப்பைத் துடைத்துப் புள்ளிகளைப் பார்த்தாள். அவை அப்படியே பளிச்சென்று இருந்தன.

குறைந்தது அரிவாள். குறையாதது மினுக்கு.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். இரும்பை எடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்றாள். அம்மாவின் முகம் வெளிறியது. இரும்பைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்றாள். இரும்பு அம்மி மேலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

இரும்பு அம்மி மேலே இருக்க வேண்டும். அவ்வளவுதான் உத்தரவு. இரும்புக்கும் அம்மிக்கும் நடுவில் என்ன இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லவில்லை.

அன்று மாலை அம்மா அம்மியைக் கழுவி, உப்புத் தண்ணீர் தெளித்து, எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். அன்னக்கொடி காய்ந்த பனை ஓலையில் ஒரு துண்டைக் கிழித்தாள். அரிவாளைத் தூக்கி அடியில் ஓலையைத் தடிப்பாக மடித்து வைத்தாள். அதன்மேல் அரிவாளைத் திரும்ப வைத்தாள். லாடத்துக்கும் ஓலை வைத்தாள். கொழுவையும் மண்வெட்டியையும் தொடவில்லை.

சனிக்கிழமை காலை அவளே எல்லோரையும் கூப்பிட்டாள்.

கொழுவின் அடியில் சிவப்பு இருந்தது. மண்வெட்டியின் அடியில் சிவப்பு இருந்தது. அரிவாளின் அடியிலும் லாடத்தின் அடியிலும் ஓலை இருந்தது. ஓலைக்கு அடியில் கல்லின் நிறம்தான் இருந்தது.

“பேய் கொழுவுக்கு வந்துச்சு. அருவாளுக்கு வரல. ஏன்?” என்று கேட்டாள் அன்னக்கொடி.

அத்தை ஓலையைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

“ஓலைக்கும் பேய் பயப்படும்” என்றாள்.

“அப்ப இரும்பு எதுக்கு அத்தை? ஓலையே போதும்ல?”

அத்தை ஓலையைக் கீழே வைப்பதற்குள் அன்னக்கொடி தான் கண்டதைச் சொல்லி முடித்தாள். அந்த மினுக்கும் இரும்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் சிவப்பு வருகிறது. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் அந்தச் சிவப்பு இல்லை. கறையை விரட்டுகிறோம் என்று நாம்தான் இரும்பையும் உப்பையும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்.

அவள் சொன்னது சரி. ஏன் அப்படி என்பது அவளுக்குத் தெரியாது. அந்தப் பொன்னிறப் புள்ளி இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனிமம். ஈரமும் காற்றும் பட்டுக்கொண்டே இருந்தால் அதுவும் மெல்லத் துருப்பிடிக்கும். முதல் நாள் வந்த மஞ்சள் வட்டங்கள் அதனால் வந்தவை. ஆனால் உப்புநீரில் நனைந்த இரும்பு அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் கதை வேறு. இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத சிறு மின்சாரம் ஓடத் தொடங்கும். அப்போது புள்ளி தப்பித்துக்கொள்ளும். இரும்பு வேகமாகக் கரையும். நடுவில் ஓர் ஓலையை வைத்தால் மின்சாரம் ஓட வழி இல்லை. உசிலம்பட்டியில் அன்று பல வீடுகளில் விளக்குக்கே மின்சாரம் இல்லை. அந்த அம்மி மேல் இருந்தது.

சோலையம்மாள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“துருன்னா எல்லாக் கல்லுலயும் பிடிக்கணும்ல? பழைய அம்மியில எத்தன நாள் அருவாமனை கிடந்திருக்கு. இம்புட்டுச் சிவப்ப நான் பாத்ததில்ல.”

“அதுல மினுக்கு இல்ல, ஆத்தா. வேணும்னா வச்சுப் பாப்போம். இன்னிக்கு ராத்திரி பழைய அம்மியில உப்புத் தண்ணிய ஊத்தி அருவாள வையி. புது அம்மியக் கழுவித் தொடச்சு, காய வச்சு, எண்ணெயத் தடவி வெறுமனே விடு.”

“வெறுமனேயா?”

“வெறுமனேதான். ஏதாச்சும் ஆச்சுன்னா நான் பொறுப்பு.”

“நீ பொறுப்பா?” என்றாள் அத்தை. “மொதல்ல உன் மூக்க ஒழுங்காத் தொடச்சுக்க.”

அன்னக்கொடி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அதே இடத்தில் நின்றாள்.

அப்போது அப்பா பேசினார். அக்காவைப் பார்க்காமல், அரிவாளைக் கையில் எடுத்துக் குழிகளைத் தடவிக்கொண்டே பேசினார்.

“பிள்ள ஒரு ராத்திரிதான கேக்குது. குடுத்துப் பாப்போம்.”

மாலையில் சோலையம்மாளே அம்மியைக் கழுவினாள். அன்னக்கொடி வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். செல்லத்தாய் அடுப்புத் தணலை ஒரு சட்டியில் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். கல் காய்ந்ததும் மூவரும் நல்லெண்ணெய் தடவினார்கள். புள்ளிகள் மின்னின. எண்ணெய்க் கிண்ணம் கை மாறிக்கொண்டே இருந்தது.

ஞாயிறு விடிந்தது. காளை என்ற வண்டிக்காரர் மாடுகளைப் பூட்டி வாசலில் நிறுத்திவிட்டு, கல்லைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும் என்று குரல் கொடுத்தார். செல்லத்தாய் மூட்டையோடு உள்ளறை வாசலில் நின்றாள்.

சோலையம்மாள் யாரையும் தாழ்வாரத்துக்குள் விடவில்லை. முதலில் கொல்லைக்குப் போனாள். பழைய அம்மி மேல் இருந்த அரிவாளைத் தூக்கினாள். அடியில் ஒரு மெல்லிய துருக்கோடு. வழக்கமாக எல்லா வீட்டிலும் வருவது.

பிறகு புது அம்மிக்கு வந்தாள். வெளுத்த துணி ஒன்றை எடுத்தாள். அம்மியின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அழுத்தித் துடைத்தாள். துணியைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டினாள்.

எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தது. சிவப்பு இல்லை. மஞ்சளும் இல்லை.

துணியை முதலில் வாங்கிப் பார்த்தது அத்தைதான். முகர்ந்தும் பார்த்தாள்.

“போயிருச்சு” என்றாள். “நான் இரும்பு வைக்கச் சொன்னதுனாலதான் போயிருக்கு.”

“அப்ப இன்னிக்கு ராத்திரியும் இரும்பு வைப்போமா அத்தை?” என்று கேட்டாள் அன்னக்கொடி.

அத்தை அம்மியைப் பார்த்தாள். அரிவாளைப் பார்த்தாள்.

“வேணாம்” என்றாள்.

செல்லத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொத்திக்கொள்ளக் கை இல்லை, மூட்டை இருந்தது. அப்பா கொழுவைக் கையில் எடுத்துக்கொண்டு, இதற்கு இப்போதாவது விடுதலை கிடைத்ததே என்று முணுமுணுத்தபடி வெளியே போனார். சிரித்தது தெரியக் கூடாது என்றுதான் போனார்.

அன்னக்கொடி மதினியிடம் விவரமாகச் சொன்னாள். அரைத்து முடித்ததும் கழுவ வேண்டும். கழுவியதும் துடைக்க வேண்டும். சாரல் படாத இடத்துக்கு அம்மியை நகர்த்த வேண்டும். அரிவாள்மனையை அதன்மேல் சாய்க்கக் கூடாது. எப்போதாவது கொஞ்சம் மஞ்சள் வந்தால் பயப்படாமல் தேய்த்துவிட வேண்டும். செல்லத்தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வாசலில் வண்டிக்காரர் இன்னொரு முறை குரல் கொடுத்தார். சோலையம்மாள் போய் அவரிடம் ஏதோ சொன்னாள். மாடுகளை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. கூழ் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவரை உட்காரவைத்தாள்.

திரும்பி வந்தவள் மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கினாள். உள்ளே கொண்டுபோய்க் கொடியில் ஒவ்வொரு சேலையாகப் பிரித்துப் போட்டாள். கடைசிச் சேலையைப் போட்டுவிட்டு அங்கிருந்தே கேட்டாள்:

“ஏத்தா செல்லத்தாயி, நாளைக்கு என்ன துவையல் அரைக்கப் போற?”